கான்ஸ்டபிளின் வானவில் எங்கே முடிகிறது?

போன வருஷம் அக்டோபர் கடைசியில் ஆபீஸ் வேலையாக மூணு வாரம் லண்டனில் இருக்க வேண்டியிருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை டேட் பிரிட்டன் காட்சியகத்துக்குப் போனேன். அங்கே ஒரு படத்தின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டேன். ஜான் கான்ஸ்டபிள் வரைந்த 'புல்வெளியிலிருந்து சாலிஸ்பரி தேவாலயம்'. 1831-இல் முதலில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 2013-இல் 2.31 கோடி பவுண்ட் கொடுத்து நாட்டுக்காக வாங்கியிருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமையே அந்த ஊரைப் பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணிட்டேன். இந்தப் பதிவு அந்தப் படத்தைப் பற்றியது. ஆனா அந்த ஊரில் நனையாமல் இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் படம். கிட்டத்தட்ட ஆறடி அகலம். நடுவில் தேவாலயம், அதன் கோபுரம் கருமேகத்துக்குள் குத்திக்கொண்டு நிற்கிறது. இடது பக்கம் காற்றில் ஆடும் பெரிய மரம். கூரைக்கு மேலே, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு மின்னல் கீற்று. முன்னால் ஆறு. மூணு குதிரை பூட்டிய வண்டி ஒன்று தண்ணீரில் இறங்கிக் கடக்கிறது. கரையில் ஒரு நாய். இதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய வானவில், வலது பக்கம் ஒரு வீட்டின் மேல் வந்து இறங்குகிறது. முதல் பார்வைக்குச் செய்தி எளிமையாகத்தான் இருக்கு: புயல் அடிக்குது, கோயில் நிக்குது, நல்ல காலம் வருது. காலண்டர் படத்துக்குப் பொருத்தமான கருத்து. ஆனா அந்த அளவோடு அதை விட்டுவிட்டு வர முடியவில்லை.

சனிக்கிழமை காலை வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதே மழை. கூட வந்தது எங்கள் டீமில் இருக்கும் ஒரு தம்பி. "ஏண்ணா, இந்த மழைல ஒரு சர்ச்சப் பாக்க ஒன்றரை மணி நேரம் போகணுமா?" என்றான். மாக்னா கார்ட்டாவின் அசல் பிரதி அங்கே இருக்குன்னு சொல்லி இழுத்துக்கொண்டு வந்தேன். 1215-இல் எழுதப்பட்டவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை நாலே நாலு. அதில் ஒன்று சாலிஸ்பரியில் இருப்பது நிஜம்தான், பொய் சொல்லவில்லை.

பேஸிங்ஸ்டோக், ஆண்டோவர் தாண்டியதும் வீடுகள் குறைந்து வயலும் மேடுமாக விரிகிறது. இங்கிலாந்து மழை நம்மூர் மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்கிற ரகம் இல்லை. தூறலா மழையா என்று முடிவு பண்ணாமலே நாள் முழுக்க இருக்கும். ஜன்னல் கண்ணாடியில் பச்சையும் சாம்பலும் கலந்து வழிந்துகொண்டே வந்தது. 'அழகு' என்று போட்டோ எடுத்தேன். அந்த அழகைப் பற்றி இரண்டு மணி நேரத்தில் எண்ணம் மாறியது.

தேவாலயத்தைப் பற்றிச் சுருக்கமாக. பிரதான கட்டடம் 1220-இல் தொடங்கி 38 ஆண்டுகளில் முடிந்தது. கோபுரம் பிறகு சேர்த்தது. 123 மீட்டர், இன்றும் பிரிட்டனின் மிக உயரமான தேவாலயக் கோபுரம். இவ்வளவு கனத்துக்கும் அஸ்திவாரம் ஏறக்குறைய 1.2 மீட்டர் ஆழம்தான். ஆற்றோரச் சரளைப் படிவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நிலத்தடி நீர் மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தரையில் ஒரு துளை வைத்திருக்கிறார்கள், அதற்குள் ஒரு குச்சியை விட்டு அளக்கிறார்கள். எட்டு நூற்றாண்டுக் கட்டடத்துக்கு இப்படி ஒரு மானிட்டரிங். எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. தம்பியும் அங்கேதான் முதல்முறையாகப் போனை உள்ளே வைத்தான்.

மதியம் குடையோடு புல்வெளிப் பக்கம் நடந்தோம். ஊரிலிருந்து ஹார்ன்ஹம் ஆலைக்குப் போகும் ஒரு நடைபாதை இந்த நனைவயல்களுக்கு நடுவே போகிறது. இரண்டு பக்கமும் வாய்க்கால். இங்கேதான் நான் ரயிலில் எடுத்த போட்டோக்களை நினைத்துக்கொண்டேன். இந்தப் புல்வெளி தானாக உண்டான இயற்கைக் காட்சி இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் வெட்டி அமைத்தது. ஆற்றை மதகு வைத்துத் திருப்பி, மேட்டு வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து, குளிர்காலத்தில் புல்லின் மேல் மெல்லிய ஏடாகத் தண்ணீரை ஓடவிடுவார்கள். ஓடும் நீர் மண்ணை உறையவிடாது, வண்டலையும் கொடுக்கும். வசந்தத்தில் மற்ற இடங்களை விடச் சில வாரம் முன்பே புல் முளைக்கும். ஆட்டு மந்தைக்குத் தீனி. நம்மூர் மடைப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். அதாவது படத்தின் 'இயற்கை' முழுக்க ஆள் உழைத்துச் செய்த ஏற்பாடு. மழையில் மதகு திருப்பியவர்களை நாம் பார்ப்பதில்லை, புல்லைப் பார்க்கிறோம்.

கான்ஸ்டபிளுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. அவர் ஆலைக்காரரின் மகன். சஃபோக்கில் அப்பாவின் ஆலை, மதகு, படகுக் கால்வாய் நடுவே வளர்ந்தவர். தண்ணீர் எப்படி வேலை செய்யும் என்பது அவர் கைக்குத் தெரியும். வானமும் அப்படித்தான். 1821, 22-இல் லண்டனுக்குப் பக்கத்து ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று மேகங்களை மட்டும் பல டஜன் படங்களாக வரைந்தார். பலவற்றின் பின்பக்கம் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்து வைத்திருக்கிறார். நம்ம பாஷையில் சொன்னால் லாக் ஃபைல்.

இப்படிப்பட்ட ஆள் வரைந்த வானவில் எப்படி இருக்கணும்? வானவில்லுக்குக் கணக்கு உண்டு. அதன் மையம் சூரியனுக்கு நேர் எதிரே, நம்முடைய தலையின் நிழல் விழும் திசையில் இருக்கும். அந்த மையத்திலிருந்து சுமார் 42 டிகிரி தள்ளி வில் வரும். சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் தரையில் நிற்பவருக்கு வில் கிடையாது. பெரிய வில் வேண்டுமென்றால் சூரியன் தாழ இருக்கணும், நம் முதுகுக்குப் பின்னால் இருக்கணும். படத்தில் தேவாலயத்தின் மேற்கு முகப்பும் வடக்குப் பக்கமும் தெரிகின்றன. ஆகவே வரைந்தவர் வடமேற்கில் நின்று தென்கிழக்கைப் பார்க்கிறார். சூரியன் அவருக்குப் பின்னால் வடமேற்கில் தாழ்ந்திருக்க வேண்டும், அதாவது கோடைக்கால மாலை. படத்தின் வானமும் ஒளியும் அதற்கு ஒத்துப்போகவில்லை. வானிலையியல் பேராசிரியர் ஜான் தார்ன்ஸ் இதைத்தான் எடுத்துக் காட்டினார். இந்த ஒளியில் இந்த வானவில் வராது, அது பிறகு சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1831 கண்காட்சிக்குப் பிறகும் கான்ஸ்டபிள் இந்தப் படத்தில் கை வைத்துக்கொண்டேதான் இருந்தார் என்பதால் இது ஏற்கக்கூடிய வாதம்.

தப்புக் கண்டுபிடிச்சாச்சு, கிளம்பலாம் என்று இதை விட முடியாது. காரணம், இதே ஊரின் இதே தேவாலயத்தை வைத்து இதற்கு முன்பே வானத்தைப் பற்றி ஒரு சச்சரவு நடந்திருக்கிறது. 1823-இல் சாலிஸ்பரி பிஷப்புக்காக, அவர் தோட்டத்திலிருந்து தெரியும் தேவாலயத்தைக் கான்ஸ்டபிள் வரைந்து கொடுத்தார். பிஷப்புக்குக் கருமேகம் பிடிக்கவில்லை, தெளிந்த வானம் வேண்டும் என்றார். கிளையன்ட் கேட்டால் மாற்றித்தானே ஆகணும். வெயிலடிக்கும் இன்னொரு படத்தில் வேலை தொடங்கியது. 1826 தேதியிட்ட அது இப்போது நியூயார்க்கின் ஃப்ரிக் காட்சியகத்தில் இருக்கிறது. மேகமுள்ள பழையது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. இரண்டையும் அச்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு மேகமுள்ளதில்தான் உயிர் இருக்கு. காசு கொடுத்தவர் கேட்டபோது வளைந்த வானம் சப்பென்று போனது. 1831 படத்தில் யாரும் கேட்காமலே வளைத்திருக்கிறார். இது சப்பென்று இல்லை. ஏன்?

வானவில் இறங்கும் வீட்டின் பெயர் லெடன்ஹால். அது கான்ஸ்டபிளின் மிக நெருங்கிய நண்பர் ஜான் ஃபிஷரின் வீடு. பிஷப்பின் உறவினர், அவரும் ஒரு பாதிரியார். கான்ஸ்டபிளின் திருமணத்தை நடத்தி வைத்தவர். படம் விற்காத காலத்தில் வாங்கி ஆதரித்தவர். 1828 நவம்பரில் கான்ஸ்டபிளின் மனைவி மரியா காசநோயில் இறந்தார், ஏழு குழந்தைகள். அடுத்த வருஷம் அவர் சாலிஸ்பரிக்கு வந்து ஃபிஷர் வீட்டில் தங்கினார். இந்தப் படத்துக்கான வரைவுகள் அப்போது பிறந்தவை. 1832 ஆகஸ்டில் ஃபிஷரும் இறந்துபோனார். தார்ன்ஸ் சொல்வது சரியென்றால், அதன் பிறகு வந்து உட்கார்ந்தது அந்த வானவில். இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால் 'நல்ல காலம் வருது' என்ற காலண்டர் அர்த்தம் உதிர்ந்துவிடும். வானிலையை வாழ்நாள் முழுக்க ஏமாற்றாத ஒருவர், செத்துப்போன நண்பனின் வீட்டுக் கூரைக்காக ஒரே ஒரு தடவை ஏமாற்றியிருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்தது என்பதை ஒளிக்கவில்லை.

இதோடு முடித்திருந்தால் இது ஒரு பாராட்டுப் பதிவாக இருந்திருக்கும். ஆனா படத்தின் தேதியை இன்னொரு தரம் பார்க்கணும். 1831.

சாலிஸ்பரியிலிருந்து எக்ஸெட்டர் போகும் ரயிலில் அடுத்த ஸ்டேஷன் டிஸ்பரி. 1830 நவம்பர் 25 அன்று அங்கே பைட்ஹவுஸ் பண்ணைப் பக்கம் விவசாயக் கூலிகளுக்கும் குதிரைப் படைக்கும் மோதல். ஒரு கூலியாள் சுட்டுக் கொல்லப்பட்டார். கூலிகள் செய்தது கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தது. குளிர்காலத்தில் வேறு வேலை கிடையாது, கையால் கதிரடிப்பதுதான் அந்த மாதங்களுக்குச் சோறு. வில்ட்ஷயரில் வாரக் கூலி ஏழெட்டு ஷில்லிங், இங்கிலாந்திலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. இயந்திரம் வந்ததும் அதுவும் போச்சு. 'கேப்டன் ஸ்விங்' என்ற கற்பனைத் தலைவனின் பெயரில் மிரட்டல் கடிதங்கள் போனதால் இதை ஸ்விங் கலகம் என்கிறார்கள். 1831 ஜனவரியில் விசாரணைக்குத் தனி நீதிமன்றம் உட்கார்ந்தது. எந்த ஊரில்? சாலிஸ்பரியில். இந்த மாவட்டத்திலிருந்து மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். நாடு முழுவதும் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அதே மே மாதம் லண்டன் ராயல் அகாடமியில் இந்தப் படம் காட்சிக்கு வந்தது.

கலை விமர்சகர்கள் இந்தப் புயலை அரசியலாகத்தான் படிக்கிறார்கள். ஆனா அது தேவாலயத்தின் மீதான புயல். 1829-இல் கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றத்தில் இடம் கிடைத்தது, 1831-இல் தேர்தல் சீர்திருத்த மசோதா வந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் பிடி தளர்ந்துவிடும் என்று ஃபிஷரும் கான்ஸ்டபிளும் உண்மையாகவே பயந்தார்கள். அந்தப் பயம் படத்தில் இருக்கு. அந்த மசோதா எதை மாற்ற வந்தது என்று பார்க்க அதிக தூரம் போக வேண்டாம், பஸ்ஸில் பத்து நிமிஷம். ஊருக்கு வடக்கே சுமார் 3 கிலோமீட்டரில் பழைய சாரம் என்ற மேடு. ஆதி நகரம் அதுதான், 1220-இல் தேவாலயம் கீழே இறங்கியதும் ஊரும் இறங்கிவிட்டது. வெறும் மேடான பிறகும் அது நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. வாக்காளர்கள் ஒரு டஜன்கூடக் கிடையாது. அந்த மேட்டை 1690-களில் விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை நம்ம சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்தவர். சென்னையில் வாங்கி, பிரெஞ்சு ராஜப் பிரதிநிதிக்கு விற்ற வைரத்தால் 'டைமண்ட் பிட்' என்று பெயர் எடுத்தவர். மேட்டை வாங்கியது வைரத்துக்கு முன்பு, கம்பெனியின் அனுமதி இல்லாமல் வங்கக் கரையில் செய்த வியாபாரக் காசு இருந்த காலத்தில். 1735-இல் அவர் பேரன் வில்லியம் பிட் இந்த ஆளில்லாத மேட்டிலிருந்துதான் நாடாளுமன்றம் நுழைந்தார். பின்னாளில் பிரதமர்.

அந்த மேட்டில் நாங்கள் நின்றபோது சாயங்காலம் நாலு மணி. மழை விடவில்லை. கீழே ஊர் சாம்பலாக, கோபுரத்தின் நுனி மட்டும் வந்து வந்து மறைந்தது. தம்பி கேட்டான், "அப்ப அந்த மெஷினை உடைச்சவங்க தப்பாண்ணா?" எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. நாங்கள் லண்டனுக்கு வந்திருந்த வேலையே அதுதான். பில்களைச் சரிபார்த்துப் பதிவு செய்யும் ஒரு பதினாலு பேர் பிரிவு. அந்த வேலையைச் சாஃப்ட்வேரே செய்யும்படி மாற்றுகிறோம். அந்தப் பதினாலு பேரும் எங்களுக்கு உட்கார்ந்து பொறுமையாக வேலையை விளக்கிச் சொல்கிறார்கள், டீ வாங்கித் தருகிறார்கள். அவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று ஒரு மீட்டிங்கில் கேட்டேன். அது இந்த ப்ராஜெக்ட்டின் ஸ்கோப்பில் இல்லை என்று பதில் வந்தது. தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனோம்.

அதனால் கான்ஸ்டபிளை நோக்கி விரல் நீட்டும் யோக்கியதை எனக்கில்லை. ஆனாலும் விமர்சனம் என்று வந்தால் சொல்லித்தான் ஆகணும். படத்தின் மையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கூலியாள் இருக்கிறார், வண்டியில். முகம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அவர் ஒரு நிறத்திட்டு, காட்சி காலியாகத் தெரியாமல் இருக்க வைத்த உருவம். அந்த வருஷம், அந்த ஊரில், அவரை மாதிரி ஆட்கள் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். மின்னல் தேவாலயக் கூரை மேலே விழுகிறது, வானவில் நண்பன் வீட்டில் இறங்குகிறது. ஆபத்தும் அங்கேயே, ஆறுதலும் அங்கேயே. வண்டிக்காரருக்கு இரண்டும் இல்லை.

'ஓவியர் என்ன பத்திரிகை நிருபரா? எல்லாத்தையும் வரையணுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வரையாததற்காக நான் குறை சொல்லவில்லை. அவர் மழையை மழையாக மட்டும் வரைந்து நிறுத்தியிருந்தால், நனைபவர்கள் எல்லாருக்கும் அது பொதுவாக இருந்திருக்கும். நன்னம்பிக்கையின் அடையாளத்தைச் சேர்த்ததும் அது யாருக்கு என்ற கேள்வி தானாக வந்துவிடுகிறது. வானிலையை யாருக்காக வளைத்தார் என்பதில் அவருடைய அன்பு தெரிகிறது. அந்த அன்பு எந்த வீட்டு வாசலோடு நின்றது என்பதும் அதிலேயே தெரிகிறது. படத்தின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கு.

ஒரு விஷயம் அவர் பக்கமும் சொல்லணும். 1834-இல் அவர் பழைய சாரம் மேட்டை நீர்வண்ணத்தில் வரைந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் மசோதா சட்டமாகி, அந்த மேடு தன் இரண்டு இடங்களையும் இழந்திருந்தது. படத்தில் வெறும் மேடு, இடிமேகம், கீழே ஒரு மேய்ப்பன். ஆறுதலுக்கு எதையும் ஒட்டவைக்கவில்லை. பெரிய படத்தை விட அது எனக்கு நேர்மையாகத் தெரிகிறது. பெரிய படம் அளவுக்கு அது என்னைப் பிடித்து உலுக்கவில்லை என்பதும் உண்மை. நேர்மையும் உலுக்குவதும் ஒரே இடத்தில் கிடைக்கணும்னு விதி ஒண்ணும் இல்லை போல.

திரும்பும் ரயிலில் தம்பி தூங்கிவிட்டான். நான் போனில் அந்தப் படத்தைத் திறந்து, வானவில்லைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன். நீங்களும் செய்து பாருங்கள். வானவில் போனதும் கண் கீழே இறங்குகிறது. ஆறு, மூணு குதிரை, வண்டி, அதன் மேல் அந்த ஆள். அவர் இன்னும் கரையேறவில்லை.